ஒரே கேபினெட்ல ப்ளோயர் கார்டும் மூணு ஃபேன் கார்டும், சூட்டை இறக்கினது எப்படி

பிளெண்டர்ங்கிற 3டி சாஃப்ட்வேர்ல ரெண்டர் பண்றதுதான், அதாவது 3டி சீனை கணக்குப் போட்டு படமா எடுக்கிறதுதான் என் பொழப்பு. ஏற்கனவே கம்ப்யூட்டர்ல ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு ஒண்ணு இருந்துச்சு, ப்ளோயர் மாடல், அதாவது ஓரத்துல ஒரே ஒரு உருளை ஃபேன் இருக்கும், அது காத்தை இழுத்து கார்டுக்குள்ளயே ஓட்டி, மானிட்டர் வயர் மாட்டுற பக்கமா வெளிய தள்ளிடும். அப்புறம் ஆர்டிஎக்ஸ் 2070 சூப்பர் செகண்ட் ஹேண்ட்ல கிடைச்சுது, மூணு ஃபேன் வச்சது, இது சூட்டை வெளிய அனுப்பாது, கேபினெட்டுக்குள்ளயே நாலா பக்கமும் கொட்டும். ரெண்டர் பண்ண எஸ்எல்ஐ (ரெண்டு கார்டை இணைச்சு ஒண்ணா ஓட்டுற முறை) எல்லாம் தேவையில்ல, ரெண்டு கார்டும் தனித்தனியா வேலை செய்யும், ஆனா மெமரி ஒண்ணா சேராது, சின்ன கார்டோட 8 ஜிபிக்குள்ள சீன் அடங்கணும்.

புதுசுன்னு மூணு ஃபேன் கார்டை மேல் ஸ்லாட்ல போட்டேன், ப்ளோயரை கீழ. பத்து நிமிஷ ரெண்டர்லயே மேல இருக்கிறது 86 டிகிரி, கிளாக், அதாவது கார்டு ஓடுற வேகம், சரசரன்னு இறங்குது. 250 வாட், 215 வாட், ரெண்டும் சேந்து 465 வாட் சூடு ஒரு பெட்டிக்குள்ள, அதுவும் சென்னை மே மாசத்துல. கழட்டி தெர்மல் பேஸ்ட் (சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவுல சூட்டைக் கடத்துற பசை) மாத்தினேன், ஒரு டிகிரி கூட அசையல.

அப்பதான் உக்காந்து பாத்தேன். மேல் கார்டோட மூணு ஃபேனும் கீழ பாத்து இருக்கு, அதுக்கும் ப்ளோயரோட முதுகுக்கும் நடுவுல ஒரு விரல்தான் போகும், அந்த முதுகுத் தகடு தொட்டா கை சுடுது, பாவம் அந்தச் சூட்டைத்தான் அது இழுத்துட்டு இருந்திருக்கு. சரின்னு மாத்தி போட்டேன், ப்ளோயர் மேல, மூணு ஃபேன் கீழ. ப்ளோயருக்கு ரெண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தாலே மூச்சு விட்டுக்கும், மத்ததுக்கு வயித்துக்குக் கீழ நல்ல இடம் வேணும். கீழ் கார்டு 76க்கு வந்துடுச்சு, ஆனா இப்ப ப்ளோயர் 84ல நிக்குது.

ஒரு நாள் ஊதுபத்தி ஒண்ணு கொளுத்தி கேபினெட்டை சுத்தி வெளிய பிடிச்சுப் பாத்தேன் (உள்ள கொண்டு போகாதீங்க, சாம்பல் விழும்). முன்னாடி கண்ணாடி ஓரத்துல புகை லேசாத்தான் உள்ள போச்சு. பின்னாடி ப்ளோயர் வாய்கிட்ட வேகமா அடிச்சு சிதறுச்சு, நல்லது. அதுக்கு ரெண்டு இன்ச் கீழ, காலி ஸ்லாட்டோட ஓட்டைத் தகடுகிட்ட கொண்டு போனா புகை நூல் மாதிரி நீண்டு உள்ள போகுது! எனக்கு உண்மையிலேயே புல்லரிச்சுடுச்சு. வெளிய தள்ளுற ஃபேன் ரெண்டு, உள்ள இழுக்கிறது ஒண்ணே ஒண்ணு, அதனால பெட்டி கிடைக்கிற ஓட்டையில எல்லாம் காத்தை உறிஞ்சுது, ப்ளோயர் வெளிய தள்ளின சூடு சுவத்துல மோதி திரும்ப உள்ளயே வந்துட்டு இருந்துச்சு.

மேல இருந்த ஃபேனை கழட்டி முன்னாடி, ரெண்டு கார்டுக்கும் நடு இடைவெளிக்கு நேரா மாட்டினேன், முன் கண்ணாடியை எடுத்துட்டு வலையோட விட்டுட்டேன், டேபிளை சுவத்துலேருந்து ஒரு முழம் இழுத்தேன். திரும்ப பத்தி பிடிச்சா அந்த ஓட்டைகிட்ட புகை வெளிப்பக்கம் சாயுது. ப்ளோயர் 79.

மீதி ஆஃப்டர்பர்னர்ல பண்ணது, கார்டோட ஃபேன் வேகம், பவர் எல்லாம் மாத்துற சாஃப்ட்வேர் அது. ப்ளோயர் ஃபேன் ஆட்டோல விட்டா பாதி வேகத்துக்கு மேல போகவே மாட்டேங்குது, 75 டிகிரிக்கு 70 சதவீதம்னு கர்வ் போட்டேன், சத்தம் கூடும், கதவை சாத்திட்டா சமாளிக்கலாம். பவர் லிமிட்டை 80 சதவீதம் ஆக்கினேன், 250 வாட் 200 ஆச்சு, ஆனா ரெண்டர் டைம் ஒரு ஃபிரேமுக்கு சில செகண்டுதான் கூடுச்சு, என்னைக் கேட்டா ஃபேன் வாங்குறதுக்கு முன்னாடியே இதைப் பண்ணிப் பாத்துடுங்க. ஸ்டார்ட்அப்ல அப்ளை ஆகுற டிக்கை மறந்துடாதீங்க, நான் ஒரு தடவை மறந்து ராத்திரி முழுக்க பழைய செட்டிங்லயே ஓடிடுச்சு.

நேத்து ஏழு மணி நேர ரெண்டர், ஏசி இல்ல, மேல 74, கீழ 72.