மரண தண்டனை நிறைவேறிய பிறகும் வழக்கு நடத்தலாம்: ஜார்ஜ் ஸ்டின்னி வழக்கு சொல்லும் வழிமுறை

1944இல் அமெரிக்காவில் 14 வயதில் மரண தண்டனைக்கு உள்ளான ஜார்ஜ் ஸ்டின்னியின் படம் வாட்ஸப்பில் வரும்போதெல்லாம் ‘70 ஆண்டு கழித்து நிரபராதி என்று நிரூபணம்’ என்ற வரியும் கூடவே வரும். நடந்தது அதுவல்ல. 2014 டிசம்பர் 17 அன்று தென் கரோலினா நீதிபதி கார்மென் மல்லன், அந்தச் சிறுவன் கொலை செய்தானா இல்லையா என்று தீர்மானிக்கவில்லை. 1944இல் அவனுக்கு நடந்தது நியாயமான விசாரணையே அல்ல என்று சொல்லித் தீர்ப்பை ரத்து செய்தார். இறந்தவருக்காக வழக்கு போட நினைப்பவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய நுனி இதுதான். குற்றமற்றவன் என்று நிரூபிக்கக் கிளம்பினால், சாட்சியும் தடயமும் இல்லாமல் பாதியில் நிற்க வேண்டியிருக்கும். விசாரணை எப்படி நடந்தது என்பதைத் தாக்கினால் வழி உண்டு.

அல்கோலு என்ற மர ஆலை ஊரில் 1944 மார்ச் 24 அன்று இரண்டு வெள்ளைச் சிறுமிகளின் உடல்கள் கிடைத்தன. 14 வயது கறுப்பினச் சிறுவன் ஸ்டின்னி கைதானான். ஏப்ரல் 24 அன்று ஒரே நாளில் விசாரணை முடிந்தது. முழுக்க வெள்ளையர்களான ஜூரி பத்து நிமிடத்தில் முடிவு சொன்னது. மேல்முறையீடு செய்யப்படவில்லை. ஜூன் 16 அன்று மின்நாற்காலி. உடல்கள் கிடைத்த நாளிலிருந்து கணக்கிட்டால் 84 நாள்.

எந்தக் கதவைத் தட்டுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஆட்கொணர்வு மனு போட முடியாது; அது காவலில் இருப்பவருக்கானது. அரசிடம் தண்டனை மன்னிப்பு கேட்பது சுலபம். 1915இல் இதே மாநிலத்தில் மரண தண்டனைக்கு உள்ளான கிரிஃபின் சகோதரர்களுக்கு 2009இல் அது கிடைத்தது. ஆனால் மன்னிப்பு கொடுத்தால் தண்டனைத் தீர்ப்பு அழிந்துவிடாது. செய்யாத குற்றத்துக்கு எதற்கு மன்னிப்பு என்று குடும்பங்கள் கேட்பது நியாயம்தான். ஸ்டின்னி தரப்பு முதலில் மறுவிசாரணை கேட்டது. நீதிபதி அதைக் கொடுக்காமல் ‘கோரம் நோபிஸ்’ என்ற பழைய ஆங்கிலப் பொதுச்சட்ட வழியில் போனார். தன் பதிவேட்டில் ஏறாத அடிப்படைப் பிழையை நீதிமன்றம் தானே திருத்திக்கொள்வது அது. வேறு எந்த நிவாரணமும் மிச்சமில்லை என்று காட்டினால்தான் கிடைக்கும், அதுவும் அபூர்வமாக.

இனி ஆவணங்கள். விசாரணையின் எழுத்துப் பதிவு இல்லை. சிறுவன் கையெழுத்திட்ட வாக்குமூலமும் இல்லை. இருந்தது ஒரு துணை ஷெரிஃப் கைப்பட எழுதிய குறிப்பு: பையன் ஒப்புக்கொண்டான், சுமார் 15 அங்குல இரும்புத் துண்டு சிறுமிகளின் சைக்கிளிலிருந்து ஆறடி தள்ளிப் பள்ளத்தில் கிடக்கிறது என்று சொன்னான் என்கிறது. பிரேதப் பரிசோதனை அறிக்கையோ, சுத்தியல் தலை அளவுள்ள உருண்டை முனைக் கருவியைச் சொல்கிறது. இந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே கேள்வி எழும். ஆளுநர் ஒலின் ஜான்ஸ்டன் கருணை கேட்டவர்களுக்கு எழுதிய பதிலையும் தேடிப் படிக்க வேண்டும். பரிசோதனை அறிக்கை ஆதரிக்காத குற்றச்சாட்டை அதில் எழுதியிருக்கிறார். நீதிமன்றக் கோப்பு காணாமல் போயிருந்தாலும் மாநில ஆவணக் காப்பகம், ஆளுநர் கடிதக் கட்டு, சிறைப் பதிவு, அக்கால உள்ளூர்ச் செய்தித்தாள் இந்த நான்கையும் புரட்டாமல் கைவிடக் கூடாது. உள்ளூர் வரலாற்று ஆர்வலர் ஜார்ஜ் ஃபிரியர்சன் 2004இல் தொடங்கியதும் இப்படித்தான்.

உயிரோடு இருக்கும் சாட்சியைக் காத்திருக்க வைக்கக் கூடாது. ஸ்டின்னியின் உடன்பிறப்புகள் அன்று அவன் வீட்டருகே தங்களோடுதான் இருந்தான் என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தார்கள். அப்போது அவர்கள் முதியவர்கள். 70 ஆண்டு பழைய நினைவை அரசுத் தரப்பு சும்மா விடாது, விடவும் இல்லை. அதனால் நினைவை மட்டும் நம்பாமல், பெற்றோரும் வழக்கறிஞரும் இல்லாமல் விசாரிக்கப்பட்ட 14 வயதுக் குழந்தையின் வாக்குமூலம் எவ்வளவு நம்பத்தக்கது என்று மனநல நிபுணரை வைத்துச் சொல்ல வைத்தார்கள். நீதிபதியின் உத்தரவில் கனமாக நின்றது இதுவும், அன்றைய தற்காப்பு வழக்கறிஞர் ஏறக்குறைய எதுவுமே செய்யவில்லை என்பதும்தான். அந்த வயதில் மரண தண்டனையே கொடூரம் என்றும் நீதிபதி சொன்னார்.

கொல்லப்பட்ட சிறுமிகளின் உறவினர்களில் சிலர் இந்த முயற்சியை எதிர்த்தார்கள். அவர்களைப் பகைவர்களாக்குவது தர்மமும் அல்ல, வழக்குக்கு நல்லதும் அல்ல.

அரசு வழக்கறிஞர் எதிர்ப்பாரா, கூட நிற்பாரா என்பதிலேயே பாதி வழக்கு இருக்கிறது. ஸ்டின்னி வழக்கில் எதிர்த்தார். பென்சில்வேனியாவில் 1931இல் 16 வயதில் மரண தண்டனைக்கு உள்ளான அலெக்சாண்டர் மெக்லே வில்லியம்ஸ் வழக்கில், கொலை நடந்த இடத்தில் கதவருகே பதிந்திருந்த ரத்தக் கைத்தடம் விசாரணையில் பேசப்படவே இல்லை என்பது வெளிவந்தது. 2022 ஜூனில் நீதிமன்றம் பழைய தீர்ப்பை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. மாவட்ட அரசு வழக்கறிஞர் மேற்கொண்டு வழக்கை நடத்தாமல் கைவிட்டார்.