அப்பா கேட்ட டின் பீன்ஸ்

ஜூலை 4, வெள்ளி

அப்பாவுக்கு பிரஷர் வந்ததிலிருந்து வீட்டில் உப்பைக் குறைத்துவிட்டோம். கப்பலில் வேலை பார்த்த காலத்தில் காலையில் ரொட்டியோடு சாப்பிட்ட பேக்ட் பீன்ஸ் (தக்காளிக் குழம்பில் வெந்த வெள்ளைப் பயறு, டின்னில் வருவது) ஆசை மட்டும் அவருக்குப் போகவில்லை. கடையில் டின்னைத் திருப்பிப் படித்தேன். 100 கிராமுக்கு ஏறக்குறைய 5 கிராம் சர்க்கரை. 415 கிராம் டின்னுக்குக் கணக்குப் போட்டால் நாலைந்து ஸ்பூன் வருகிறது, உப்பு தனி. வேண்டாம், நானே செய்கிறேன். கொத்தவால் சாவடியில் சின்ன வெள்ளை ராஜ்மா அரை கிலோ வாங்கி, ஒரு கப் ஊறப் போட்டிருக்கிறேன்.

ஜூலை 5, சனி

வேகவில்லை. தக்காளி, வெல்லம் எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் போட்டு எட்டு விசில் விட்டேன். அப்பா ஒன்றை எடுத்து நகத்தால் கீறினார். தோல் சுருண்டு வந்தது, உள்ளே வெள்ளையாக நறுக்கென்று இருந்தது. "பரவால்லம்மா" என்றார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. சாம்பாரில் காய் வெந்த பிறகுதானே புளி கரைத்து ஊற்றுகிறோம்? புளிப்பு முதலிலேயே சேர்ந்தால் பயறைக் கட்டி வைத்திருக்கும் பெக்டின் இளகாது. போதாததற்கு நான் ஊற்றியது போர் தண்ணீர். ராயபுரத்தில் எங்கள் தெரு போர் தண்ணீர் ஒரே உப்பு. அதிலுள்ள கால்சியம் அந்த பெக்டினை இன்னும் இறுக்கிவிடும். அம்மா இருந்தவரை பருப்புக்கென்றே குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ தண்ணீர் ஒரு குடம் தனியாக இருக்கும்.

ஜூலை 8, செவ்வாய்

அக்கா போனில், "ஸ்லோ குக்கர்ல போட்டுட்டு மறந்துடு" என்றாள். கூடாது. ராஜ்மா வகையில் லெக்டின் என்ற நச்சுப் புரதம் உண்டு. இளஞ்சூட்டில் அரைவேக்காடாகக் கிடந்தால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரை கொண்டுபோகும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும். மெதுவாக வேகவைப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஜூலை 13, ஞாயிறு

மெட்ரோ தண்ணீரில் பத்து மணி நேரம் ஊறல். தக்காளி இல்லாமல், புது மெட்ரோ தண்ணீரில் ஐந்து விசில். விரலில் நசுக்கினால் வெண்ணெய் மாதிரி மசிந்தது. மண்சட்டியில் வெங்காயம், பூண்டு வதக்கி, ஆறு நாட்டுத் தக்காளியை அரைத்து ஊற்றி, பச்சை வாசனை போனதும் பீன்ஸைப் போட்டேன். கொஞ்சம் கடுகுத்தூள், ஒரு துண்டு பட்டை, ஒரே ஒரு ஸ்பூன் பனைவெல்லம், அரை ஸ்பூன் உப்பு. சிறுதீயில் 40 நிமிடம்.

அப்பா ரொட்டியைக் குழம்பில் அழுத்தி எடுத்துச் சாப்பிட்டார். இரண்டாவது ரொட்டிக்குப் பிறகு சொன்னார்: "கப்பல்ல குழம்பு இன்னும் தண்ணியா இருக்கும்மா." அடுத்த முறை வேகவைத்த தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து வைக்க வேண்டும்.