போர்ட்டலுக்குள் குடித்தனம்

2009இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் வந்ததும் எனக்குக் கிடைத்த வேலை, ஒரு பெரிய நிறுவனத்தின் ஊழியர் போர்ட்டலில், அதாவது ஊழியர்களுக்கான சேவைகள் ஒரே இடத்தில் கூடும் உள் வலைத்தளத்தில், விடுப்பு விண்ணப்பம் செய்து தருவது. சென்னையில் என்றால் ஜாவாவில் வலைப்பக்கம் செய்யும் வழக்கமான கருவிகளான சர்வ்லெட், ஜேஎஸ்பி என்று சட்டுபுட்டென்று முடித்திருப்போம். இங்கே எல்லாம் போர்ட்லெட்டாகத்தான் இருக்க வேண்டும்.

போர்ட்லெட் என்பது வாடகைக் குடித்தனம்தான். பக்கம் போர்ட்டலுடையது, நமக்கு அதில் ஒரு பெட்டி. முழுப் பக்கத்துக்குச் சட்டகம் போடும் ஹெட், பாடி டேக்குகளைத் தொடக் கூடாது. யூஆர்எல்லைக்கூட நாமாக எழுத முடியாது, போர்ட்டலிடம் கேட்டு வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளை போடாதே என்று வீட்டுக்கார அம்மா நீட்டிய விதித்தாளும் இதே தொனியில்தான் இருந்தது.

2003இல் வந்த ஜேஎஸ்ஆர் 168 என்ற ஜாவா போர்ட்லெட் தரத்தில் போர்ட்லெட்டுகள் ஒன்றோடொன்று பேச முறையான வழி இல்லை, முழுப் பக்கத்தையும் மறுபடி ஏற்றாமல் ஒரு பகுதியை மட்டும் புதுப்பிக்கும் ஏஜாக்ஸுக்கும் இல்லை. 2008இல் ஜேஎஸ்ஆர் 286 இரண்டுக்கும் வழி செய்தது. எங்கள் சர்வருக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

ஒரு நாள் மனிதவளத் துறையிலிருந்து போன். விடுப்புப் பொத்தானை அழுத்தினால் அதே பக்கத்தில் இருந்த இன்னொரு போர்ட்லெட்டின் கேன்டீன் கருத்துக்கணிப்பு போகிறதாம்! தனித்தனியாகச் சோதித்தால் இரண்டுமே ஒழுங்கு. ஒரே பக்கத்தில் வைத்தால்தான் வினை. இரண்டிலும் 'சப்மிட்ஃபார்ம்' என்று ஒரே பெயரில் ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷன். கீழே இருந்தது மேலே இருந்ததை விழுங்கிவிட்டது. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் போர்ட்லெட்டுக்கென்று போர்ட்டல் தரும் தனி முன்னொட்டை, அதாவது நேம்ஸ்பேஸை, ஒட்ட வேண்டும். எனக்கு முன்பு எழுதியவர்கள் ஒட்டவில்லை. தேடித் தேடி ஒட்டினேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சர்வரை நிறுத்தி எழுப்பினால், அது எழுந்திருப்பதற்குள் காபி ஆறிவிடும்.

"ஒரு ஃபார்முக்கு இவ்வளவு கூத்தாடா?" என்றான் சென்னை நண்பன். நியாயமான கேள்வி. ஒரே லாகின், யாருக்கு எதைக் காட்டலாம் என்ற அனுமதி, இதெல்லாம் போர்ட்டலில் இனாமாகக் கிடைக்கிறது. செய்தி, ஆவணம் காட்ட அது போதும். நாலைந்து படி நகரும் விண்ணப்பத்தை அதற்குள் திணிப்பது வீண் வம்பு.

அப்புறம் பெட்ரீப்ஸ்ராட், அதாவது ஊழியர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளின் மன்றம். யார் எப்போது உள்ளே வந்தார் என்று காட்டும் திரை ஒன்றும் விண்ணப்பத்தில் இருந்தது. ஊழியரைக் கண்காணிக்கக்கூடிய எந்தக் கருவிக்கும் ஜெர்மன் சட்டப்படி மன்றத்தின் சம்மதம் வேண்டும். உறுப்பினர்கள் வந்து உட்கார்ந்து, இது எதற்கு, யார் பார்ப்பார்கள் என்று துருவினார்கள். சென்னையில் என் வருகைப் பதிவை யார் யார் பார்த்தார்கள் என்று எனக்கே தெரியாது. திரையை எடுக்கச் சொன்னார்கள். அந்தப் போர்ட்டலில் நான் முணுமுணுக்காமல் செய்த வேலை அது ஒன்றுதான்.