கையெழுத்துப் போட்டவர்கள்

மெல்பர்னில் குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் இருந்துகொண்டு, ரோஸி ஜோன்ஸ் இயக்கி 2019இல் வந்த ‘தி கல்ட் ஆஃப் தி ஃபேமிலி’ ஆவணத் தொடரை நிம்மதியாகப் பார்க்க முடியாது. மூன்றே பகுதிதான். எனக்கு அடிக்கடி நிறுத்தி எழுந்து நடக்க வேண்டியிருந்தது.

ஆன் ஹாமில்டன்-பர்ன் என்ற யோகா ஆசிரியை 1960களில் டான்டினாங் மலைப்பகுதியில் ஒரு கூட்டத்தைச் சேர்க்கிறார். தன்னை ஏசுவின் மறுபிறவி என்று நம்பவைக்கிறார். மெல்பர்ன் பல்கலைக்கழகத்துக் குயின்ஸ் கல்லூரியின் தலைவராக இருந்த இயற்பியலாளர் ரெய்னர் ஜான்சனே நம்பினார் என்றால் மற்றவர்களைக் கேட்பானேன்! பிறகு குழந்தைகள் வருகிறார்கள். ஈல்டன் ஏரிக்கரை வீட்டில் எல்லோருக்கும் ஒரே குடும்பப்பெயர், ஒரே மாதிரி உடை, பொன்னிறச் சாயமேற்றிய முடி. அடி, பட்டினி, மயக்கும் மாத்திரைகள். பதின்ம வயதில் எல்எஸ்டி என்ற போதைப்பொருள். 1987 ஆகஸ்ட் 14 அன்று போலீஸ் உள்ளே நுழைந்து மீட்டது.

பார்த்தவர்கள் எல்லோரும் அந்த முடியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என் கண் காகிதங்கள் மேல் போனது. அந்தப் பிள்ளைகளை யாரும் இருட்டில் தூக்கி வரவில்லை. சிலர் உறுப்பினர்களே கொடுத்தவர்கள். மற்றவர்கள் தத்து என்ற பெயரில் வந்தவர்கள். தத்துக்கு டாக்டர் வேண்டும், வக்கீல் வேண்டும், சமூகப் பணியாளர் வேண்டும். அத்தனை பேரும் கூட்டத்துக்குள்ளேயே இருந்தார்கள். பொய்யான பிறப்புப் பதிவு, பெயர் மாற்றப் பத்திரம் எல்லாம் தயார். ‘சமூகப் பணியாளர்’ என்று காதில் விழுந்தபோது சுருக்கென்றது. என் அடையாள அட்டையிலும் அதுதானே இருக்கிறது.

நான் போகிற வீடுகளில் சாமியாரும் இல்லை, அவதாரமும் இல்லை. குடி, வாடகை பாக்கி, தூக்கமில்லாத அம்மாக்கள். படுக்கையைப் பார்ப்போம், ஃப்ரிட்ஜைத் திறப்போம், பிள்ளையோடு தனியாகப் பேசுவோம். அந்தத் தனிப் பேச்சும் எவ்வளவு தூரம் உதவும் என்பது இப்போது எனக்குக் கேள்விதான். ஏரிக்கரைப் பிள்ளைகள் வெளியாள் வந்தால் ஒளிந்துகொள்ளப் பழக்கப்பட்டவர்கள். ஆன்தான் தங்களைப் பெற்ற தாய் என்று நம்பினார்கள். தனியாக உட்காரவைத்துக் கேட்டிருந்தாலும் அம்மா நல்லவர் என்றுதான் சொல்லியிருப்பார்கள். பொய் என்று தெரியாமலே.

1993இல் நியூயார்க் மாநிலத்தில் ஆன் பிடிபட்டார். கடைசியில் நின்ற குற்றச்சாட்டும் ஒரு காகிதம்தான்: தொடர்பில்லாத மூன்று குழந்தைகளைத் தான் ஒரே பிரசவத்தில் பெற்றதாகப் பதிந்த வழக்கில் பொய் உறுதிமொழி கொடுத்தது. அபராதம் 5,000 ஆஸ்திரேலிய டாலர். பிள்ளைகளைக் கொடுமைப்படுத்தியதற்காக அவர் ஒருநாளும் கூண்டில் ஏறவில்லை. 2019இல், 97 வயதில் இறந்தார்.

இப்போதெல்லாம் ஒரு கோப்பில் நல்லபடியாக நாலு கடிதம் இருந்தால், எழுதிய நால்வரும் ஒருவருக்கொருவர் யார் என்று பார்க்கிறேன். குழுவிலுள்ள யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. “எல்லாரையும் சந்தேகிச்சா எப்பிடி வேலை செய்யிறது, தங்கச்சி?” அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தவித்துப்போய்க் கடிதம் வாங்கி வந்து நிற்கும் அம்மாவை இன்னொரு வாரம் காக்கவைப்பது லேசான காரியமில்லை. அதனால் வேறு வழி வைத்திருக்கிறேன். டாக்டரின் கடிதத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, மருத்துவமனையின் பொது எண்ணுக்குக் கூப்பிட்டு அவரைக் கேட்கிறேன். ஐந்து நிமிட வேலை. சிலர் எரிச்சலோடுதான் பேசுகிறார்கள்.