ஐயாவிடம் போய்ச் சேர எடுத்த நேரம்

"அவசரமெண்டா நீ இஞ்ச வர எத்தினை மணித்தியாலம் செல்லும் தம்பி?"

நான் கனடாவில் ரொறன்ரோவுக்கு வந்து நாலாம் நாள் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் கேட்டா. "ஒரு நாள் காணும் அம்மா" என்றேன். அது பிழையான கணக்கு என்று ஐயா, என்ரை அப்பா, செத்த கிழமைதான் விளங்கியது.

வந்த புதிதில், வேலை கிடைக்காத நாட்களில், ஸ்காபரோவில் ஒரு நூலகத்தில் போய் இருப்பேன். அங்கேயிருந்த பூகோள உருண்டையில் ஒருநாள் ரொறன்ரோவிலிருந்து இலங்கைக்கு ஒரு நூல் கயிற்றை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். அத்திலாந்திக்கைக் கடந்து நேரே கிழக்கால் போகும் என்று நினைத்திருந்த நூல், வடக்கே ஏறி, கிறீன்லாந்தின் மேலால் போய், நோர்வேயின் வடக்கைத் தொட்டு, ரஷ்யாவுக்குள்ளால் இலங்கைக்கு இறங்கியது. ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்திலிருந்து கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு அந்த வழியில் ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர். பூமியில் எந்த இரண்டு இடமும் ஆகக்கூடியது 20,000 கிலோமீட்டர்தான் விலகியிருக்க முடியும். அதில் பத்தில் ஏழு பங்கு தூரம் நான் வந்திருந்தேன்.

அந்த வழியில் நேரடி விமானம் இல்லை. 2022 பெப்ரவரி முடிவிலிருந்து கனடிய விமானங்கள் ரஷ்ய வான்பரப்புக்குள் போகவும் முடியாது. டுபாயில் மாறிப் போனால் முதலில் 11,000 கிலோமீட்டர், பிறகு 3,300. பார்த்தால் சுற்று 400 கிலோமீட்டர்கூட இல்லை. கூடுதலாக நேரம் போவது இடையில் காத்திருப்பதில்தான்.

ஐயாவின் செய்தி ஒரு மாசி மாத வியாழன் இரவு வந்தது. வெள்ளி இரவு பத்து மணி விமானத்தில்தான் இடம் கிடைத்தது. டுபாய்வரை பதின்மூன்று மணித்தியாலம், அங்கே மூன்று மணித்தியாலம், பிறகு நாலரை. எல்லாமாக இருபதரை. ஆனால் குளிர்காலத்தில் ஊர் எங்களைவிடப் பத்தரை மணித்தியாலம் முன்னுக்கு. நான் கட்டுநாயக்காவில் இறங்கியபோது ஞாயிறு விடிய ஐந்து மணி. எனக்குச் சனிக்கிழமை என்று ஒன்று இருக்கவேயில்லை. ஊரில் அந்தச் சனிக்கிழமை முழுக்க ஐயாவை வீட்டில் வைத்து, "பெடியன் வரட்டும்" என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யாழ்ப்பாணத்துக்கு இன்னும் 350 கிலோமீட்டருக்கு மேல். வாகனத்தில் ஏறியதிலிருந்து நான் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீர் தெரிந்தபோதுதான் அழுதேன். பின்னேரம் கொள்ளி வைத்தேன். அதற்காகக் காத்திருந்த ஊர்ச்சனத்துக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டவன்.

திரும்பும்போது டுபாயிலிருந்து ரொறன்ரோவுக்குப் பதினாலு மணித்தியாலம். விமானம் பறக்கிற உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே பலமாக அடிக்கும். ஊருக்குப் போகையில் பின்னாலிருந்து தள்ளிய அதே காற்று வரும்போது எதிர்க்காற்று.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு வேலை, வீடு பற்றிச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். நான் இதைச் சொல்லுவேன்: கடவுச்சீட்டு காலாவதியாக விடாதேங்கோ. விசா தேவையா என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கோ. ஒரு ரிக்கற் காசைத் தனியாக ஒதுக்கி, எந்த அந்தரத்திலும் அதைத் தொடாதேங்கோ. என்னிடம் அன்றைக்கு அந்தக் காசு இருக்கவில்லை. என்னோடு அறையில் இருந்தவர் தந்தார்.

அம்மா இப்போது தனிய. ஒவ்வொரு ஞாயிறும் விளக்கு வைத்துவிட்டு, ஆறரைக்குத் தொலைபேசிக்குப் பக்கத்தில் வந்து இருப்பா. எனக்கு அது கோடையில் காலை ஒன்பது. நவம்பரில் இங்கே மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்புவார்கள், ஊரில் அப்படியொன்று இல்லை. முதல் வருசம் அதை மறந்து ஒன்பதுக்கே எடுத்தேன். "என்ன தம்பி, ஏதும் நடந்துபோச்சோ?" என்றா, குரல் நடுங்க. ஒரு மணித்தியாலம் அப்படியே இருந்திருக்கிறா. இப்போது நவம்பர் பிறந்தால் எட்டு மணிக்கே எடுத்துவிடுவேன்.