ஆர்டிகுலேட்டட் டம்பருக்குக் கடன்: வட்டியைவிடத் தவணை அட்டவணைதான் முக்கியம்

குவாரியில் மேல்மண் அகற்றும் 3 வருட வேலைக்காக ரெண்டு ஆர்டிகுலேட்டட் டம்பர், அதாவது நடுவில் மடங்கித் திரும்புகிற மண் சுமக்கும் வண்டி, வாங்கினோம். ஒன்று புதுசு, ஒன்று ஓடிய வண்டி. ரெண்டுக்கும் கடன் எடுத்த அனுபவத்தை எழுதுகிறேன். மண்வேலை காண்ட்ராக்ட் எடுக்கிறவர்கள் பலர் வட்டி விகிதத்தை மட்டும் பேசி முடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். உயிர்நாடி அங்கே இல்லை. வேலையில் பணம் வருகிற வேகத்தோடு தவணை ஒத்துப்போகிறதா என்பதில்தான் இருக்கிறது.

முதல் சிக்கல், கடன் கொடுப்பவருக்கு இந்த வண்டியைப் புரியவைப்பது. சாதாரண டிப்பருக்குப் பதிவு எண் உண்டு, ஆர்.சி. புத்தகம் உண்டு. இது பொதுச் சாலையில் ஓடுகிற வண்டி இல்லை. முன்பாகமும் பின்பாகமும் நடுவில் ஒரு மூட்டில் இணைந்து, தனித்தனியாக முறுக்கிக்கொடுக்கும். ஆறு சக்கரமும் இழுக்கும். அதனால்தான் டிப்பர் புதைந்து நிற்கிற ஈரக் களிமண்ணில் இது ஏறி வந்துவிடும். ஆனால் ஆவணத்தில் இதற்கு அடையாளம் சேஸிஸில் அடித்திருக்கிற தொடர் எண் மட்டும்தான். நாங்கள் முதலில் போன இடத்தில் டிப்பர் கடனுக்கான படிவத்தையே நீட்டினார்கள். குவாரி இயந்திரங்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிற நிறுவனங்களிடம் போன பிறகுதான் பேச்சு நேர்வழியில் நகர்ந்தது.

காகிதங்கள் வழக்கமானவைதான்: கடந்த சில வருடக் கணக்கு, வரித் தாக்கல், வங்கி ஸ்டேட்மென்ட், ஏற்கெனவே இருக்கிற கடன்களின் பட்டியல், கொட்டேஷன், வொர்க் ஆர்டர். இவற்றைக் கொடுத்தால் கோப்பு திறக்கும். கடன் கிடைக்க வைத்தது வேறு ஒரு தாள்.

அது நடைக் கணக்கு, அதாவது வண்டி ஒரு முறை ஏற்றிக் கொட்டித் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்ற கணக்கு. அதே குவாரியில் 30 டன் வகை டம்பர் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தோம். வண்டி பொக்லைன் அருகே நிற்பதில் இருந்து திரும்ப வந்து நிற்கிற வரை ஸ்டாப்வாட்ச் வைத்து எழுதினோம். ஏற்ற 3 நிமிடம், லோடோடு போக 5, கொட்ட ஒன்றரை, திரும்ப 4, காத்திருப்பு ஒன்றரை. ஆக 15 நிமிடம். மணிக்கு 4 நடை என்று யாரும் சொல்வார்கள். ஆனால் உண்மையில் மணிக்கு 50 நிமிடம்தான் வேலை நடக்கும் என்று வைத்தால் 3.3 நடை. 30 டன் வகை என்று பெயர் இருந்தாலும் பெரும்பாலான தயாரிப்புகள் சுமப்பது 28 டன். அப்படியானால் மணிக்கு 92 டன்.

இதோடு விட்டிருந்தால் கணக்கு பாதிதான். எங்கள் வேலைக்குப் பில் போடுவது தோண்டுவதற்கு முன் தரையில் இருக்கிற கன அளவில். தோண்டினால் மண் உப்பும். களிமண் சுமார் 30 சதவீதம் உப்பும் என்று எடுத்தால், வண்டியில் குவித்து ஏற்றுகிற 17 கன மீட்டர் பில்லில் 13 கன மீட்டர்தான். கடன் அதிகாரி வண்டிப் பெட்டியின் கொள்ளளவை நடையால் பெருக்கி, எங்கள் வருமானத்தை அதிகமாகவே போட்டு வைத்திருந்தார். அதைக் குறைத்துக் காட்டியது நாங்கள்தான். அப்புறம் அவர் எங்கள் மற்ற எண்களைச் சந்தேகிக்கவே இல்லை.

வட்டி விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு நிறுவனம் "8 சதவீதம் ஃப்ளாட், 5 வருடம்" என்றது. கேட்கக் குறைவாகத் தெரியும். 100 ரூபாய்க்கு வருடம் 8 வீதம் 40 ரூபாய் வட்டி. மொத்தம் 140, அதை 60 மாதத்தில் கட்ட வேண்டும். ஆனால் அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வரும்போதும் முழு 100-க்குமே வட்டி போடுகிறார்கள். குறையும் அசலுக்கு வட்டி என்ற முறையில் பார்த்தால் இது ஏறக்குறைய 14 சதவீதம். எத்தனை இடத்தில் கேட்டாலும் எல்லாவற்றையும் குறையும் அசல் முறைக்கு மாற்றி எழுதச் சொல்லி, அதன் பிறகு ஒப்பிடுங்கள்.

லீஸும் பேசிப் பார்த்தோம். மாதத் தொகை குறைவு, உண்மைதான். ஆனால் வருடத்துக்கு இத்தனை மணி நேரம் என்ற வரம்பு, திருப்பித் தரும்போது டயர் தேய்மானம், நடு மூட்டின் ஆட்டம், பெட்டியின் அடித்தகடு என்று நீளமான நிபந்தனைகள். பாறை ஏற்றினால் தகடு தேயும், அதைத் தடுக்க முடியாது. மண் மட்டும் ஓட்டுகிற, மணிக்கணக்கு முன்கூட்டியே தெரிந்த வேலை என்றால் லீஸ் நல்ல வழி. குவாரிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி தவணை. மாதக் கடைசியில் அளவு எடுத்து, சரிபார்த்து, பில் போட்டு, பணம் வர 60 நாள். வண்டி ஓடத் தொடங்கிய நாளில் இருந்து முதல் பணம் கைக்கு வர 90 நாள் ஆகிவிடும். அதிலும் ஒரு பகுதியை வேலை முடியும் வரை பிடித்து வைப்பார்கள். வழக்கமான கடனில் முதல் தவணை 30-ம் நாள். டீசலும் டிரைவர் சம்பளமும் முதல் நாளே தொடங்கிவிடும். இந்த 60 நாள் இடைவெளியில்தான் நல்ல காண்ட்ராக்டர்கள் மூச்சு முட்டுகிறார்கள். வட்டியில் அரை சதவீதம் குறைவாகக் கிடைப்பது அங்கே உதவாது.

அதனால் அதிகாரியிடம் நேராகவே கேட்டேன். "சார், முதல் மூணு மாசம் வட்டி மட்டும் கட்டுறோம். மழை மாசங்கள்ல வண்டி நிக்கும், அப்போ தவணை பாதியா இருக்கணும். மத்த மாசத்துல கூட்டிக்குங்க."

"மழைன்னு காரணம் எழுதினா மேல ஒத்துக்க மாட்டாங்க சார். மாசாமாசம் வேற வேற தொகை இருக்கிற அட்டவணையா போட்டுடலாம். ஆனா போன வருஷங்கள்ல மழை மாசத்துல உங்க பில் எவ்வளவு குறைஞ்சுதுன்னு காட்டுங்க."

பழைய பில்களை எடுத்துக் கொடுத்தோம். அட்டவணை அப்படியே வந்தது. மொத்த வட்டி கொஞ்சம் கூடியது. அந்தக் கூடுதலை நான் மனமாரக் கொடுக்கிறேன்.

கடன் காலத்தை 4 வருடமாக வைத்தோம். வேலையோ 3 வருடம்தான். மீதி ஒரு வருடத்துக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள், நியாயமான கேள்வி. 3 வருட முடிவில் நிற்கிற அசல், அந்த நேரத்தில் வண்டியை விற்றால் வரக்கூடிய விலையைவிடக் குறைவாக இருக்கும்படி முன்பணத்தைக் கூட்டிக் கட்டினோம். வேலை நீடிக்காவிட்டாலும் விற்றுக் கடனை அடைக்கலாம்.

பழைய வண்டிக்கு மதிப்பீட்டாளர் வந்தார். வண்டி எத்தனை மணி நேரம் ஓடியது என்று மீட்டர் காட்டுவதை நம்பாமல், இன்ஜின் கம்ப்யூட்டரில் பதிவான மணி நேரத்தை எடுத்து ஒப்பிட்டார். டிரைவரை ஸ்டீயரிங்கை இடவலமாகத் திருப்பச் சொல்லி, மூட்டு நசுக்குகிற இடத்தில் இருந்து தள்ளி நின்றபடி, மூட்டைக் கோத்திருக்கும் இரும்புப் பின்கள் எவ்வளவு ஆடுகின்றன என்று பார்த்தார். ஆயில் மாதிரி எடுத்து இரும்புத் துகள் சோதனைக்கு அனுப்பினார். அவரோடு கூடவே நில்லுங்கள். கடனுக்காக அவர் பார்ப்பதெல்லாம் வாங்குகிறவரும் பார்க்க வேண்டியவை.

ஒப்பந்தத்தில் ஒரு வரி, எங்களிடம் ஏற்கெனவே இருக்கிற எல்லா இயந்திரங்களும் இந்தக் கடனுக்கும் ஈடு என்றது. அதை எடுக்கச் சொன்னோம், ஒரு வாரம் இழுத்துப் பிறகு எடுத்தார்கள். அந்த வரி இருந்தால் நாளைக்கு ஒரு பழைய பொக்லைனைக்கூட அவர்களைக் கேட்காமல் விற்க முடியாது. காப்பீட்டிலும் ஒன்று கவனியுங்கள். இந்த வகை வண்டியில் கொட்டும்போது கேபின் நேராக நிற்க, பின்பெட்டி மட்டும் பக்கவாட்டில் கவிழ்வதுண்டு. அந்தச் சேதத்துக்கும் இழப்பீடு உண்டு என்று எழுத்தில் வாங்கிக்கொண்டோம்.

தேய்ந்த டயரை மாற்றும் செலவு கடனில் வராது. 23.5ஆர்25 அளவில் ஆறு டயர். வண்டி ஓடும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு தொகையை டயருக்கென்று தனிக் கணக்கில் போடுகிறோம். நடைக் கணக்குத் தாளில் இதையும் ஒரு செலவாகக் காட்டியிருந்தோம்.

பணம் விடுவிக்கிற நாளையும் பேசி முடிவு செய்யுங்கள். டீலருக்குப் பணம் போன நாளில் இருந்தே வட்டி ஓடும், வண்டி வந்து சேர வாரக்கணக்கில் ஆகலாம். முன்பதிவுத் தொகையை நாங்கள் கட்டி, மீதியை வண்டி சைட்டில் இறங்கித் தொடர் எண்ணைச் சரிபார்த்த பிறகு நிறுவனம் விடுவிப்பது என்று எழுதிக்கொண்டோம். தவணை அட்டவணையின் முதல் மாதமும் அந்த நாளில் இருந்துதான் தொடங்கியது.