38 நாள் பூட்டிக் கிடந்த வீடும் ஓடாத கம்ப்யூட்டரும்

மகளின் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போய், 38 நாள் கழித்து தூத்துக்குடி முத்தையாபுரம் வீட்டைத் திறந்தோம். ஐப்பசி மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. தாழ்ப்பாள் துருவேறி இறுகிப்போயிருந்தது. சுற்றிலும் உப்பளம் இருக்கிற ஊர், காற்றிலேயே உப்பு உண்டு. அன்று சாயங்காலம் கம்ப்யூட்டரைப் போட்டேன். ஃபேன் இரண்டு விநாடி சுற்றி நின்றது. மறுபடி சுற்றியது, நின்றது. மானிட்டரில் 'நோ சிக்னல்'.

2013-ல் அசெம்பிள் செய்தது. இன்டெல் ஐ3 பிராசசர், எச்61 மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் மாட்டும் பலகை), 4 ஜிபி டிடிஆர்3 ரேம் (தற்காலிக நினைவகப் பட்டை) இரண்டு. இன்றைக்கு விற்றால் காயலான் கடை விலைதான் கிடைக்கும். ஆனால் அதன் ஹார்டு டிஸ்கில் என் அம்மாவின் குரல் இருக்கிறது. 2014 பொங்கலன்று அம்மாவை உட்கார வைத்து, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டுக் கதைகளைச் சொல்லச் சொல்லி செல்போனில் பதிவு செய்தேன். மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். அந்த செல்போன் எப்போதோ போய்விட்டது. அம்மாவும் 2017-ல் போய்விட்டார்கள். வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை. அது என் தவறு.

மறுநாள் ஒரு கடையிலிருந்து தம்பி ஒருவர் வந்து ஐந்து நிமிடம் பார்த்தார். "மதர்போர்டு போயிருச்சு சார். இதுக்கு இப்ப போர்டு கிடைக்காது, மொத்தமா மாத்திருங்க" என்றார். டிஸ்கில் இருப்பதைக் கேட்டேன். "அது வருமான்னு சொல்ல முடியாது சார்." எனக்கு மனசு கேட்கவில்லை. போர்டு போனாலும் டிஸ்க் நன்றாகவே இருக்கலாம். அதைக் கழற்றி, டிஸ்கின் சாட்டா இணைப்பை யூஎஸ்பிக்கு மாற்றும் கேபிளில் இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டினால் படித்துவிடலாம். பதற்றத்தில் பெட்டியை டிஸ்கோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கேபிளுக்கு ஆர்டர் போட்டேன். வர நான்கு நாள் ஆகும் என்றார்கள். அதுவரை சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

நான் 1983-ல் டெலிபோன் இலாகாவில் சேர்ந்தவன். அப்போது ஸ்ட்ரௌஜர் என்ற பழைய இயந்திர எக்சேஞ்ச். ஆயிரக்கணக்கான ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்சுகள்) டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். டயல் டோன் வரவில்லை என்று புகார் வந்தால், பாதி நேரம் ரிலேயின் தொடும் முனையில் அழுக்கு ஏறியிருக்கும். மெல்லிய தகட்டை உள்ளே விட்டு இரண்டு இழுப்பு இழுத்தால் லைன் வந்துவிடும். எதுவும் செத்துப்போயிருக்காது, தொடர்பு மட்டும் விட்டுப்போயிருக்கும். அந்தப் பழக்கத்தில்தான் பெட்டியைத் திறந்தேன்.

முதலில் பவர். பிளக்கில் 228 வோல்ட் இருந்தது. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் கனெக்டரை போர்டிலிருந்து பிடுங்கி, அது தனியே ஓட, பச்சை ஒயரையும் பக்கத்துக் கறுப்பையும் ஒரு கம்பித் துண்டால் சேர்த்தேன். அதன் ஃபேன் நிற்காமல் ஓடியது. மஞ்சள் ஒயரில் 12.1 வோல்ட், சிவப்பில் 5.05, ஆரஞ்சில் 3.34. 12, 5, 3.3 வோல்ட்டிலிருந்து ஐந்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், அதனால் சரி. எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் மட்டும் கை வைக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் நிற்கும்.

போர்டில் தேதியையும் அமைப்புகளையும் காக்கும், காசு போன்ற சிஆர்2032 பேட்டரி 2.6 வோல்ட்தான் காட்டியது. புதிதாக இருந்தால் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும். மாற்றினேன். அப்போதும் பழைய கதைதான்.

அப்புறம் இரண்டு ரேமையும் கழற்றிவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் நிற்கவில்லை! போர்டில் மாட்டியிருந்த குட்டி ஸ்பீக்கரில் நீளமாக, விட்டு விட்டு பீப் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரேம் இல்லை என்று புகார் சொல்ல, போர்டும் பிராசசரும் உயிரோடு இருக்க வேண்டுமே.

ரேமை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கீழ் ஓரத்தில் வரிசையாக இருக்கும் பொன்முலாம் முனைகள், 240 உண்டு, பளபளப்பில்லாமல் மங்கிப்போயிருந்தன. ஒரு ஓரத்தில் ஏழெட்டு முனைகளில் வெள்ளையாக, தோசைக்கல்லில் உப்புத் தண்ணீர் காய்ந்தது போல ஒரு படலம். பென்சில் ரப்பரை எடுத்து, முனை நீளும் திசையிலேயே மெதுவாகத் தேய்த்தேன். உப்புத்தாள் கூடவே கூடாது. அந்த முலாம் அவ்வளவு மெல்லியது, தாளோடு போய்விடும். ரப்பர் துகளை ஊதாமல் சுத்தமான பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினேன், ஊதினால் எச்சில் ஈரம் படும். அதே பிரஷ்ஷால் ஸ்லாட்டையும் துடைத்தேன். ஒரு ரேமை மட்டும் வைத்து, இரண்டு பக்கக் கிளிப்பும் 'டிக்' என்று பிடிக்கும் வரை அழுத்தினேன்.

திரையில் எழுத்து வந்தது. சிமாஸ் (போர்டு நினைவில் வைக்கும்) அமைப்புகள் அழிந்துவிட்டன, எஃப்1 அழுத்து என்றது. அழுத்தினேன். விண்டோஸ் சின்னம் வந்து, உடனே நீலத் திரை!

ஒரு நிமிடம் ஆடிப்போய்விட்டேன். அப்புறம்தான் பிடிபட்டது. பேட்டரியைக் கழற்றியதில் பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடங்கி வைக்கும் போர்டின் மென்பொருள்) அமைப்புகள் எல்லாம் பழைய நிலைக்குப் போய்விட்டன. டிஸ்கோடு போர்டு பேசும் முறை, விண்டோஸ் போட்டபோது ஏஹெச்சிஐ என்று இருந்தது, இப்போது ஐடிஇ என்ற பழைய முறைக்கு மாறியிருந்தது. இந்த இடத்தில் 'ஃபார்மட் பண்ணணும்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பயாஸுக்குள் போய், சாட்டா மோடை மறுபடி ஏஹெச்சிஐ என்று மாற்றினேன். டெஸ்க்டாப் வந்துவிட்டது. தேதி மட்டும் பல வருஷம் பின்னால் போயிருந்ததால் இணையதளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுத்தன. தேதியைத் திருத்தியதும் அதுவும் சரி. இரண்டாவது ரேமையும் துடைத்து மாட்டினேன், 8 ஜிபி காட்டியது.

முதல் வேலையாக அம்மாவின் பதிவை ஒரு பென்டிரைவிலும் ஒரு வெளி டிஸ்கிலும் ஏற்றினேன். மகளுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். "பாப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன்பா, தூங்கிட்டா" என்றாள்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை இருக்கிறதோ இல்லையோ அரை மணி நேரம் கம்ப்யூட்டரை ஓட விடுகிறேன். அந்தச் சூட்டில் உள்ளே ஈரம் தங்காது. ஓடுகிற நேரத்தில் அம்மா கம்பு இடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.